ஆற்றங்கரையில் முதியவர்: கதைகளிலும் பயணங்களிலும்

கல்லாங்வாசி

கதையில் ஓர் ஆறு வந்துவிட்டால், அதன் கரையிலோ படகிலோ ஒரு முதியவர் இருந்தே தீருவார் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. அவர் பெரும்பாலும் ஓடக்காரர், குறைவாகப் பேசுவார், அலைக்கழிந்து வரும் இளைஞனிடம், ஆற்றைக் கவனி, அது எல்லாவற்றையும் சொல்லித்தரும் என்பார். 1922இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’வில் வரும் வாசுதேவன் இவ்வகைக்கு உலகமறிந்த எடுத்துக்காட்டு. இளமையில் அந்தக் கதையில் மயங்கியவர்களில் நானும் ஒருவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மறுபடி படித்தபோதோ, அந்த ஓடக்காரர் தனக்கென்று எதையும் கேட்கத் தெரியாதவராக இருப்பது எனக்கு உறுத்தியது. இளைஞன் தெளிவு பெறும்வரை அவர் தேவைப்படுகிறார்; தெளிவு வந்ததும் துடுப்பை அவனிடம் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் போய்விடுகிறார். முதுமையை இவ்வளவு வசதியான பண்டமாக ஆக்கியிருப்பதை ஒரு முதியவனாக என்னால் ஒப்ப முடியவில்லை.

தமிழில் இதற்கு இணையாக யார் இருக்கிறார் என்று தேடினால், முதலில் குகன் நினைவுக்கு வருகிறான். ஆனால் கம்பன் அவனை ‘ஆயிரம் அம்பிக்கு நாயகன்’, அதாவது ஆயிரம் ஓடங்களுக்குத் தலைவன் என்றுதான் அறிமுகம் செய்கிறான். அவன் தலைவன், போர்வீரன், முதியவனும் அல்லன், போதகனும் அல்லன். அப்படியானால் நம் ஆற்றங்கரை முதியவர் யார்? பொன்மொழிகளைத் தொகுக்க வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். கதைகளைப் பற்றியும், அந்த ஆறுகளைப் போய்ப் பார்த்தவர்கள் அங்கே கண்டதைப் பற்றியும் பேசினால் நன்றாயிருக்கும்.

மருதத்துறை

ஐயா தேடும் முதியவர் புறநானூற்றின் 243ஆம் பாட்டில் இருக்கிறார். அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் ஊன்றியிருந்த பூண் கட்டிய தடியைக் கொண்டு தொடித்தலை விழுத்தண்டினார் என்றே அழைக்கப்படுகிறார். அவர் யாருக்கும் எதையும் போதிக்கவில்லை. ‘இனி நினைந்து இரக்கம் ஆகின்று’ என்று தொடங்கித் தாம் சிறுவனாக இருந்தபோது நீர்த்துறையில் செய்ததை மட்டும் சொல்கிறார்.

என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பெண்பிள்ளைகள் மணலில் பாவை செய்து, கொய்த பூவை அதற்குச் சூட்டி விளையாடுகிறார்கள். அவர்களோடு கைகோத்து இவர்களும் நீராடுகிறார்கள். ஒளிவுமறைவு என்பதே அறியாத கூட்டம். நீர்த்துறையில் ஒரு மருதமரத்தின் கிளை தண்ணீருக்கு மிக அருகே தாழ்ந்து நிற்கிறது. அதில் ஏறி, கரையில் இருப்பவர்கள் மருண்டுபோக, அலை சிதற, ஆழமான குட்டத்தில் ‘துடுமென’ப் பாய்கிறான் சிறுவன். பாய்ந்ததோடு வேலை முடியவில்லை. மூழ்கி அடிவரை போய், ஒரு கை மணலை அள்ளிக்கொண்டு மேலே வருகிறான். அந்த மணல் எதற்கு? ஆழத்தைத் தொட்டேன் என்று கரையில் நிற்பவர்களுக்குக் காட்டச் சாட்சி வேண்டுமல்லவா! குளத்திலும் கிணற்றிலும் வளர்ந்த எந்தப் பையனுக்கும் இது சொல்லாமலே விளங்கும்.

பாட்டின் முடிவில் அவர் தம்மை எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது: தடியை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு இடையிடையே சில சொற்களே வரும் பெருமூதாளர். சில சொற்களுக்குமேல் பேச இயலாது என்கிறவர், மூச்சு விடாத ஒரே நீள் ஓட்டமாகப் பாட்டு முழுவதையும் பாடிவிடுகிறார். இருமல் கடைசி வரிகளில்தான் வருகிறது. அதுவரை அவர் நீருக்குள் இருக்கிறார். ஞானம் பேசும் ஓடக்காரர்களை எல்லாம் இந்த ஒரு பாட்டுக்காக நான் விட்டுக்கொடுக்கத் தயார்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு காட்சி உண்டு. ஃபுல்லர்ட்டன் ஹோட்டலுக்கு வெளியே, கெவனா பாலத்தை ஒட்டி, சிங்கப்பூர் ஆற்றுக்குள் பாயும் வெண்கலச் சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே போகும்போதெல்லாம் எனக்கு 243தான் ஓடும்.

செம்பவாங் வாசகி

மருதத்துறை ஐயா குறிப்பிட்ட சிறுவர்கள் ஐவர். சோங் ஃபா சியோங் என்ற சிற்பி செய்தது, 2000ஆம் ஆண்டில் வைக்கப்பட்டது, ‘முதல் தலைமுறை’ என்பது அதன் பெயர். சுற்றுப்பயணிகள் அதனருகே நின்று படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்படிக் குதித்தவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள் என்பதும், அவர்கள் குதித்த தண்ணீர் எப்படிப்பட்டது என்பதும் படமெடுப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

என் மாமனார் போட் கீயில் ஒரு கிடங்கில் கணக்கெழுதியவர். ஆற்றைப் பற்றி அவர் பேசும்போது அதில் ஞானமோ ஏக்கமோ பெரிதாக இருக்காது, வேலைதான் இருக்கும். கெவனா பாலம் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட தாழ்வான பாலம். கடல் ஏறி ஆறு நிறைந்திருக்கும்போது சரக்கேற்றும் தோங்காங் படகுகளால் அதன் அடியில் நுழைய முடியாது. தண்ணீர் வடியும்வரை படகுகள் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். படகுக்காரர்கள் படகின் முன்பகுதியான அணியத்தில் வரைந்த கண்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து புகைப்பார்கள், சமைப்பார்கள், சண்டையும் போடுவார்கள். சுமை வந்து சேரும் நேரத்தைக் கடல்தான் முடிவு செய்தது. கணக்கப்பிள்ளையின் வீடு திரும்பும் நேரத்தையும் அதுவே முடிவு செய்தது.

இப்போது அந்த ஆற்றில் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. 1977 பிப்ரவரியில், மேல் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பின்போது, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றையும் கல்லாங் ஆற்றையும் தூய்மைப்படுத்த வேண்டும் என்று பிரதமர் லீ குவான் இயூ இலக்கு வைத்தார். பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், தெருவோரக் கடைகள், படகுப் பட்டறைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. 1987இல் பணி நிறைவுற்றது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் கடல் வெளியே நிறுத்தப்பட்டு, ஆறு நன்னீர்த் தேக்கத்தின் ஒரு கையாக மாறியது. நாம் குடிக்கும் தண்ணீரில் அதற்கும் பங்குண்டு என்பதில் எனக்குப் பெருமைதான். நாற்றமடித்த பழைய ஆற்றுக்காகக் கண்ணீர் விடுபவர்கள் அதன் பக்கத்தில் ஒரு நாளாவது வேலை பார்த்திருக்க மாட்டார்கள் என்பது மாமனாரின் கருத்து, என்னுடையதும் அதுவே.

எனக்கு இருக்கும் குறை வேறு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த ஆற்றின் சரக்குப் படகுத் தொழில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த, சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் கையில் இருந்தது. பிறகுதான் அது சீனர்களிடம் போனது. நான் படித்த சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளில் அந்தப் படகோட்டிகளில் ஒரு முதியவரைக்கூடச் சந்தித்ததில்லை. சங்கப்பாட்டின் மருதமரத்தைக் கண்முன் கொண்டுவர முடிகிற நமக்கு, சூலியா தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் படகோட்டிய தமிழரைக் கொண்டுவர முடியவில்லை.

பழைய மாலுமி

வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கலாம். நான் கப்பலில் இருந்த காலத்தில் கரையிறங்கிய ஊர்களில் ஆறுகளைச் சிலையாக வடித்திருப்பதைப் பார்த்துப் பழகியவன். ஐரோப்பாவில் ஆற்றங்கரையில் முதியவரைத் தேட வேண்டியதில்லை, ஆறே முதியவர். ரோமானியர் தைபர் ஆற்றைத் தாடி வைத்த ஆணாக, சாய்ந்து படுத்தவராக வடித்தார்கள். இலண்டன்காரர்கள் இன்றும் தேம்ஸைத் தந்தை என்கிறார்கள். ஜெர்மானியருக்கு ரைன் தந்தை. அமெரிக்கர்கள் மிசிசிப்பியைக் கிழவர் என்றே அழைக்கிறார்கள்.

இதில் நம்மவர்களுக்குச் சுவையான செய்தி ரோமில் இருக்கிறது. நவோனா சதுக்கத்தில் பெர்னினி வடிவமைத்து 1651இல் நிறைவடைந்த நான்கு ஆறுகளின் நீரூற்றில் நைல், டான்யூப், லா பிளாத்தா ஆகியவற்றோடு நான்காவதாகக் கங்கையும் இருக்கிறாள். இல்லை, இருக்கிறார்! கையில் நீண்ட துடுப்பைப் பிடித்தபடி, தாடியும் திரண்ட தோளுமாகக் கங்கை உட்கார்ந்திருக்கிறார். பெரிய கலங்கள் செல்லக்கூடிய ஆறு என்பதைக் காட்டத் துடுப்பு. பக்கத்திலுள்ள நைலின் முகம் துணியால் மூடப்பட்டிருக்கும், அதன் பிறப்பிடம் அன்று ஐரோப்பியருக்குத் தெரியாது என்பதால். காசிக்குப் போய் வந்த நம் பாட்டிமார்கள் யாராவது அந்தக் கங்கையைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் பலமுறை எண்ணிச் சிரித்ததுண்டு.

ஆறு ஆணாக, அதுவும் முதியவராக இருக்கும் நாட்டில், அவரிடம் அஞ்சலாம், வரி கேட்கலாம், அவரைப் பார்த்து நகைக்கவும் செய்யலாம். நமக்கோ காவிரியும் வைகையும் பெண்கள். ‘நடந்தாய் வாழி காவேரி’ என்று இளங்கோ பாடும்போது அவள் பூவாடை போர்த்து, கயற்கண் விழித்து நடந்து போகிறாள். அவள் இளமை மாறுவதில்லை. ஆகவே கதையில் முதுமை என்ற ஒன்று தேவைப்பட்டால் அதைக் கரையில் ஒரு மனிதன்மேல்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. கல்லாங்வாசி ஐயாவின் கேள்விக்கு என்னுடைய விடை இது.

மருதத்துறை

மாலுமி அண்ணன் சொன்ன விடையில் பாதியை ஏற்கிறேன். நம்மிடமும் ஆண் ஆறுகள் உண்டு; பிரம்மபுத்திரா பெயரிலேயே மகன், சோனையும் ஆணாகவே கருதுவார்கள். அவை விதிவிலக்கு என்பது சரி. ஆனால் கரையில் நிற்கும் முதியவருக்கும் பெண்ணாகிய ஆற்றுக்கும் இடையே உறவு எதுவுமில்லை என்று விட்டுவிட முடியாது. மகாபாரதம் இருக்கிறது.

அந்தக் கதையில் கங்கை வரும் இடங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். குருகுலத்து அரசன் பிரதீபன் வயது முதிர்ந்து கங்கைக்கரையில் தவம் செய்கிறான். கங்கை பெண்ணாக எழுந்து வந்து அவனுடைய வலத்தொடையில் அமர்ந்து, தன்னை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறாள். வலத்தொடை மகளுக்கும் மருமகளுக்கும் உரியது, ஆகவே நீ என் மகனுக்கு மனைவியாவாய் என்கிறான் அவன். ஆற்றங்கரையில் தவமிருந்த கிழவரிடம் ஆறே வந்து பேசுகிறது. அவர் அதற்கு முறை சொல்லி அனுப்புகிறார். அந்த மகன்தான் சந்தனு. அவனுக்கும் கங்கைக்கும் பிறந்த எட்டாவது பிள்ளைதான் பீஷ்மர்.

பல ஆண்டுகள் கழித்து, சந்தனு கங்கைக்கரையில் நடக்கும்போது ஆறு திடீரென்று மெலிந்து ஓடுவதைக் காண்கிறான். மேலே போய்ப் பார்த்தால் ஒரு பையன் அம்புகளால் ஆற்றை மறித்து நிறுத்தி விளையாடிக்கொண்டிருக்கிறான். தாயின் ஓட்டத்தையே அம்பால் தடுத்த அந்தப் பையன், பாரதப்போரின் பத்தாம் நாள் அம்புப் படுக்கையில் விழுந்து, தாகம் தாங்காமல் தண்ணீர் கேட்கிறார். பொற்குடங்களில் வந்த நீரை மறுத்துவிடுகிறார். அருச்சுனன் நிலத்தைப் பிளக்க ஓர் அம்பு விடுகிறான். நீர் பீறிட்டு அவர் வாய்க்கு வருகிறது. அது கங்கையே என்பது நம் கூத்துகளிலும் கதாகாலட்சேபங்களிலும் வழங்கும் வழக்கு. இளமையில் ஆற்றை நிறுத்தியதும் அம்பு, முதுமையில் நீரைக் கொண்டுவந்ததும் அம்பு.

அவர் இறந்து, ஈமக்கடன் முடிந்து, எல்லாரும் கங்கைக்கரையில் நீர்க்கடன் செய்யும்போது, கங்கை நீரிலிருந்து எழுந்து மகனுக்காக அழுகிறாள். கண்ணன் அவளைத் தேற்ற வேண்டியிருக்கிறது. உலகத்துக்கே பாட்டனாகிப் பிதாமகர் என்று பெயரெடுத்த முதியவர், ஆற்றின் முன்னால் ஒரு பிள்ளைதான். ஆறு அவருக்குக் கற்பித்ததாகவோ, அவர் ஆற்றிடமிருந்து கற்றுப் பிறருக்குச் சொன்னதாகவோ வியாசர் கதையை அமைக்கவில்லை. ஓடக்கார ஞானியைவிட இது எவ்வளவு பெரிய கற்பனை!

தோ பாயோ தம்பி

மூத்தவர்கள் பேசும் இடத்தில் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். நான் விடுமுறை நாள்களில் கீழ் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் மீன்பிடிப்பவன். அங்கே எப்போதும் வரும் சீனப் பெரியவர் ஒருவர், அரைநாள் போனாலும் மீன் சிக்கவில்லை என்றால் “ஜியாங் தாய்கோங்” என்று தம்மையே கேலி செய்துகொள்வார். அந்தக் கதையை அவரிடமிருந்தே அறிந்தேன்.

சீனாவின் ஷாங் அரச மரபின் இறுதிக்காலத்தில், ஏறத்தாழ எண்பது வயதான ஜியாங் என்பவர் வெய் ஆற்றோரம் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார். தூண்டில் முள் வளைந்திருக்காது, நேராக இருக்கும், இரையும் கிடையாது, சிலர் கதையில் முள் தண்ணீரைத் தொடவே தொடாது. விருப்பமுள்ள மீன் தானாக வந்து மாட்டட்டும் என்கிறார். ஊர் சிரிக்கிறது. கடைசியில் வந்து மாட்டுவது சோவ் நாட்டு வென் அரசர். கிழவர் அமைச்சராகிறார், ஷாங் மரபு வீழ்கிறது. நம் நீர்த்தேக்கங்களில் செயற்கை இரையை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. இரையே போடாத ஜியாங் தாய்கோங்குக்கு அபராதம் விதிக்க வழியில்லை என்று பெரியவர் சொல்லிச் சிரிப்பார்.

அவர் சொன்ன இன்னொரு கதை கசப்பானது. நாடு கடத்தப்பட்ட சூ நாட்டு அமைச்சர் சூ யுவான் ஆற்றங்கரையில் வாடித் திரிகிறார். முதிய மீனவர் ஒருவர் காரணம் கேட்கிறார். உலகம் முழுவதும் கலங்கிவிட்டது, நான் ஒருவன் மட்டும் தெளிவாக இருக்கிறேன் என்கிறார் அமைச்சர். மீனவர் சிரித்துவிட்டு, ஆற்றுநீர் தெளிந்திருந்தால் என் தலைப்பாகைக் கயிற்றைக் கழுவலாம், கலங்கியிருந்தால் என் காலைக் கழுவலாம் என்று பாடிக்கொண்டே துடுப்பு போட்டுப் போய்விடுகிறார். சூ யுவான் பின்னாளில் மீலுவோ ஆற்றில் மூழ்கி உயிர்விடுகிறார். அவரை நினைத்துத்தான் டிராகன் படகுத் திருநாளும், நாம் அண்டைவீட்டாரிடமிருந்து வாங்கிச் சாப்பிடும் அரிசிப் பொட்டலங்களும் என்று சொல்லப்படுகிறது.

கல்லாங்வாசி ஐயாவுக்கு இந்த மீனவர் பிடிக்கலாம். அவர் அறிவுரை சொல்கிறார், ஆனால் அது பலிக்கவில்லை. கேட்டவர் ஆற்றிலேயே போய்விடுகிறார். பலிக்காத அறிவுரை சொல்லும் முதியவரை நான் வேறெந்த ஆற்றுக்கதையிலும் பார்த்ததில்லை.

கொள்ளிடக்கரை

ஓடக்காரரைப் பற்றி இவ்வளவு பேசியும் ஓடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. காவிரிப் பக்கத்தில் பிறந்து இங்கே வேலைக்கு வந்தவன் என்ற முறையில் அதை நான் சொல்லலாம்.

பரிசல் வட்டமானது, மூங்கில் பின்னலின்மேல் முன்பு தோல் போர்த்துவார்கள், இப்போது தார் பூசிய சாக்கோ பிளாஸ்டிக் தாளோ போர்த்துகிறார்கள். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மற்றப் படகைப் போலப் பக்கவாட்டில் துடுப்பு போட்டால் அது நின்ற இடத்தில் சுழலும். போக வேண்டிய திசையில், முன்னால் துடுப்பை இட்டுத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் எதிர்க்கரைத் துறைக்கு நேராகப் பரிசலை இறக்கக்கூடாது. பரிசல்காரர் அதைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு கரையோரமாக மேற்கே, நீர் வரும் திசையில் நடப்பார். வெள்ளம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். எங்கே இறக்கினால் நீர் இழுத்துக்கொண்டுபோய் எதிர்த்துறையில் சேர்க்கும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் அறிவு. வயதான பரிசல்காரரை ஊர் மதித்தது இதற்காக. அவர் நீரைப் பார்த்துவிட்டு “இன்னும் கொஞ்சம் மேலே போகணும்” என்றால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

‘நீர்வழிப் படூஉம் புணைபோல்’ என்று கணியன் பூங்குன்றனார் பாடியது மிகப் பெரிய பாட்டுதான். மலையில் பெய்த மழை கல்லை மோதி ஒலிக்கும் பேராறாகி வர, அதில் போகும் தெப்பத்தைப் போல உயிர் முறைவழிப் போகும் என்கிறார். அதை ஒரு பரிசல்காரரிடம் சொன்னால், தெப்பம் அப்படிப் போகட்டும், பரிசலை அப்படி விட முடியாது என்பார். இரண்டும் உண்மை. ஆற்றின் கரையில் நிற்பவருக்குத் தோன்றுவது ஒன்று, கூலிக்கு ஆற்றைக் கடப்பவருக்குத் தெரிவது மற்றொன்று. கதைகள் பெரும்பாலும் முதலாமவர் எழுதியவை.

பயணம் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இங்கிருந்து பெற்றோரை அழைத்துக்கொண்டு திருச்சிக்கு வருபவர்கள் பள்ளி விடுமுறையைப் பார்த்து மே மாதக் கடைசியில் வந்து, மணல்வெளியைப் பார்த்துவிட்டு மனம் சோர்ந்து திரும்புகிறார்கள். மேட்டூர் அணை 1934இலிருந்து காவிரியின் ஓட்டத்தை முறைப்படுத்தி வருகிறது. குறுவைச் சாகுபடிக்கு ஜூன் 12இல் திறப்பது மரபு, நீர் இருப்பைப் பொறுத்து அது தள்ளிப்போவதும் உண்டு. ஆடிப்பெருக்கை ஒட்டி, அதாவது ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்தால், அம்மா மண்டபம் படித்துறையில் நிறைந்த ஆற்றைப் பார்க்க வாய்ப்பு அதிகம். அன்று கூட்டமும் அதிகம். முதியவர்களை ஒரு நாள் தள்ளி அழைத்துச் செல்வது நல்லது.

கல்லாங்வாசி

பரிசல்காரர் கரையோரமாக மேற்கே நடப்பதைப் படித்ததும், நான் தேடியவருக்கு மிக அருகே வந்துவிட்டோம் என்று பட்டது. அவருக்குத் தெரிந்தது ஆற்றின் உட்பொருள் அன்று, அன்றைய நீரின் வேகம். அதைச் சொல்லும் கதை வேண்டும்.

கிரேக்கர்களின் காரோன் நினைவுக்கு வருகிறார். இறந்தவர்களை அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் அந்த அழுக்கு உடைக் கிழவர் ஞானம் எதுவும் பேசுவதில்லை. காசு கேட்கிறார், காசில்லாதவரையும் அடக்கம் செய்யப்படாதவரையும் விரட்டுகிறார். உரோமக் கவி வெர்ஜில் அவரைப் பற்றிச் சொல்லும்போது, வயது முதிர்ந்தவர்தான், ஆனால் கடவுளின் முதுமை பச்சையும் உரமும் கொண்டது என்கிறார். கூலி கேட்பதனாலேயே அவர்மேல் எனக்கு மரியாதை.

பயணத்தைப் பொறுத்தவரை, ஆற்றைக் கடக்கவே கூடாது என்ற விதியோடு முதியவர்கள் போகும் ஒரு பயணமும் இந்தியாவில் உண்டு. நர்மதை வலம். 1,312 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஆற்றின் ஒரு கரையோரமாகக் கடல்வரை நடந்து, மறுகரையோரமாகத் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். இடையில் எங்கும் ஆற்றைக் குறுக்கே தாண்டலாகாது. மரபுப்படி நடந்தால் 3 ஆண்டு, 3 மாதம், 13 நாள் என்று கணக்கு. இன்று பெரும்பாலோர் பேருந்தில் சில வாரங்களில் முடிக்கிறார்கள். என் வயதில் நான் பேருந்தையே தேர்ந்தெடுப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய மாலுமி

சிங்கப்பூருக்கே உரிய ஆற்றுக்கதை ஒன்றை எல்லாரும் மறந்துவிட்டோம். பழைய மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’வில் வரும் பாடாங்.

அவன் ஓர் அடிமை. ஆற்றில் மீன்பொறி வைக்கிறான். காலையில் போய்ப் பார்த்தால் செதிலும் முள்ளும்தான் மிஞ்சியிருக்கும். ஒளிந்திருந்து பார்க்கிறான். சிவந்த கண்களும், சடைபிடித்த தலையும், இடுப்புவரை தொங்கும் தாடியுமாக ஒரு பூதம் மீனைத் தின்கிறது. பாடாங் அதன் தாடியைப் பிடித்துக்கொள்கிறான். விட்டுவிடு, கேட்டதைத் தருகிறேன் என்கிறது. பொன்னையோ மறைந்து திரியும் ஆற்றலையோ கேட்கலாமா என்று யோசித்துவிட்டு, உழைக்கப் பிறந்தவனுக்கு உடல்வலிமையே போதும் என்று அதைக் கேட்கிறான். அப்படியானால் நான் கக்குவதைத் தின் என்கிறது பூதம்; தாடியை விடாமலே தின்று முடிக்கிறான். அந்தப் பிடி எனக்கு மிகவும் பிடித்த விவரம். வரத்தைச் சோதித்துப் பார்க்கும்வரை அவன் தாடியை விடவில்லை.

பிறகு அவன் சிங்கப்பூர் அரசனின் வீரனாகிறான். அவனோடு மோத, கடல் கடந்து கலிங்க நாட்டிலிருந்து, அதாவது நம் பக்கத்திலிருந்து, ஒரு மல்லன் வருகிறான். அரண்மனை முன் கிடந்த பாறையை அவனால் முழங்கால் உயரம்தான் தூக்க முடிகிறது. பாடாங் அதைத் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்தில் எறிகிறான். முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்து நின்ற கல்லை மக்கள் அந்தப் பாறையாகக் கருதினார்கள். 1843இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, அதன் எழுத்தை இன்றுவரை யாரும் படித்து முடிக்கவில்லை. முதியவர் ஆற்றிலிருந்து இளைஞனுக்குக் கொடை தருகிறார் என்ற அதே கதைதான். இங்கே தாடியைப் பிடித்து வாங்க வேண்டியிருக்கிறது.

தோ பாயோ தம்பி

பூதத்தை முதியவர் கணக்கில் சேர்ப்பது கொஞ்சம் இழுப்பு, அண்ணே. தாடி இருந்தால் போதுமா?

செம்பவாங் வாசகி

தாடி இருந்தால் போதும் என்றுதான் இந்த இழை போய்க்கொண்டிருக்கிறது! இத்தனை ஆறுகளைச் சுற்றி வந்தும் ஒரு முதிய பெண் வரவில்லை என்பதை யாராவது கவனித்தீர்களா?

மதுரையின் வந்தி இருக்கிறாள். வைகை பெருகிக் கரை உடைகிறது; வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கும் தனிக்கட்டைக் கிழவி வந்திக்கும் ஒரு பங்கு அளந்து விடப்படுகிறது. வயதைச் சொல்லி விலக்கு இல்லை. அவளுக்குக் கூலியாளாக வரும் சிவபெருமான் உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டு, ஆடிப்பாடி, தூங்கி, அரசன் கையால் பிரம்படி வாங்குகிறார். அந்த அடி எல்லா உயிர்மேலும் விழுகிறது. அடியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு நிற்பது முன்பகுதி: ஆற்றங்கரையில் கிழவர்களுக்குத் தவம், தூண்டில், பழைய நினைவு, கிழவிக்கு அளந்து கொடுத்த மண்வேலை.

கல்லாங் ஆற்றுப் பக்கம் பீஷான் அங் மோ கியோ பூங்காவுக்கு மாலையில் போய்ப் பாருங்கள். கான்கிரீட் கால்வாயாக இருந்ததை வளைந்தோடும் ஆறாக 2012இல் மாற்றியபின் அழகான இடம்தான். நீர்நாய்கள் வருமா என்று புகைப்படக் கருவியோடு காத்திருப்பவர்களில் தாத்தாக்கள் நிறையப் பேர். பாட்டிமார்கள் பேரப்பிள்ளையின் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

மருதத்துறை

அக்கா சொன்னதற்கு 243இலேயே சான்று இருக்கிறது. அந்தப் பாட்டில் பெண்பிள்ளைகளும் தண்ணீரில் இருந்தார்கள். மணற்பாவைக்குப் பூச்சூட்டியது அவர்கள்தான். அவர்களில் ஒருத்தி முதியவளாகி அதே துறையை நினைத்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் இல்லை. முதியவள் அந்த நூலில் எங்கே வருகிறாள் என்றால், காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278ஆம் பாட்டில். நரம்பு எழுந்து தோள் வற்றிய கிழவி, மகன் புறமுதுகிட்டான் என்று ஊர் பேசக் கேட்டு, வாளோடு போர்க்களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். ஆணுக்கு முதுமையில் நினைக்க ஓர் ஆறு கொடுத்த தொகுப்பு, பெண்ணுக்குக் களத்தைக் கொடுத்தது.

இரண்டையும் சேர்த்துப் படிக்க விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு: புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுவதால் 243க்கு அது கிடைக்கும், 278க்குக் கிடைக்காது. ஔவை துரைசாமிப் பிள்ளையின் உரையில் இரண்டும் உண்டு.